பட்டாள வாசலில் இறக்கிய முடி

பெரிய பெரிய பட்டாள அதிகாரிகள் என் முன்னால் தலை குனிந்திருக்கிறார்கள். பொய்யில்லை. குனியாவிட்டால் பிடரியில் முடி வெட்ட முடியாது.

குன்னூரில் ஒன்று, அரவேணுவில் ஒன்று, ஊட்டி மார்க்கெட் பக்கம் ஒன்று என்று இன்றைக்கு எனக்கு மூன்று சலூன். மூன்றிலும் சுழலும் நாற்காலி, மூன்றிலும் சுடுதண்ணீர். படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. அதையாவது ஒழுங்காக முடித்தேனா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். எங்களைக் கப்பலேற்றி இந்தப் பக்கம் அனுப்பியபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. அம்மா மடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. உள்ளே நகை இருக்கிறது என்று கப்பலில் பாதிப் பேர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். இருந்தது மண். எங்கள் தோட்டத்து மாரியம்மன் காலடியில் எடுத்த ஒரு பிடி மண். பிடிமண் என்போம். ஊரை விட்டுப் போகிறவன் சாமியின் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் வைத்தால் சாமியும் கூட வந்துவிடும். அந்த மாரியம்மனே என் பாட்டன் காலத்தில் இப்படித்தான் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போனவள். எங்களோடு திரும்பி வந்துவிட்டாள். எங்களிடம் கேட்ட பாஸ்போர்ட்டை அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. இன்று அரவேணுப் பக்கம் அவளுக்குக் கோபுரம் நிற்கிறது. சிமெண்ட் முழுக்க என் உபயம். கல்வெட்டில் பேர் போட வேண்டாம் என்று சொன்னேன், ஊருக்கே தெரியும் என்பதால்.

வந்த புதிதில் கோத்தகிரி ரோட்டில் ஒரு எஸ்டேட்டில் களை வெட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆட்களுக்கு முடி வெட்டினேன். களை வெட்டுவதைவிட முடி வெட்டுவது சுலபம், குனிய வேண்டியதில்லை. ஒரு நாள் மண்வெட்டியைக் கங்காணி காலடியில் வைத்துவிட்டு, ஒரு பெட்டி, ஒரு கண்ணாடி, ஒரு சவரக்கத்தியோடு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தேன். மரத்தடி பெட்டிக்கடையாயிற்று. பெட்டிக்கடை சலூனாயிற்று. அப்புறம் குன்னூருக்குப் பக்கத்தில் பட்டாளக் கேம்ப்பில் முடி வெட்டும் கான்ட்ராக்ட் எனக்கு வந்தது. எனக்குப் போட்டியாக வந்தவர்கள் எல்லாம் சட்டையில் பேனா குத்தியிருந்தார்கள். நான் கத்தியை எடுத்து, அங்கே உட்கார்ந்திருந்த சுபேதாரின் ஒரு வாரத் தாடியை அவர் டீ ஆறுவதற்குள் எடுத்துக் காட்டினேன்.

படையைத் துப்பாக்கி வைத்துக் கட்டுகிறார்கள் என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். உள்ளே போன பிறகுதான் சாமி செய்கிற வேலை தெரிந்தது.

அந்தக் கேம்ப்பில் கோயிலுக்குப் போவதும் ஒரு பரேட்தான். எங்கள் தோட்டத்தில் காலையில் ஆளெடுக்க வரிசையாக நிறுத்துவதைப் பிரட்டு என்போம். அதேபோல ஞாயிற்றுக்கிழமை காலையில் சிப்பாய்கள் குளித்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் மூன்றுக்கும் பட்டாளமே ஆள் வைத்திருந்தது. பூசாரி சம்பளம் வாங்குகிற பட்டாளத்துக்காரர். மௌல்வியும் அப்படி, பாதிரியாரும் அப்படி. இதில் எனக்கு முதலில் நம்ப முடியாமல் இருந்தது கமாண்டர் விஷயம். அவர் ஒரு சர்தார். தலைப்பாகையும் தாடியுமாக ஆறடி. அவருடைய சாமி வேறு, கும்பிடுகிற முறை வேறு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூட்ஸைக் கழற்றிவிட்டு எங்கள் முருகன் முன்னால் வெறுங்காலோடு நிற்பார், விபூதி வாங்குவார். ஒரு நாள் சவரப்பெட்டியும் கையுமாக நின்று கேட்டேவிட்டேன். எனக்குப் பட்டாள இந்தி நன்றாக வரும். "சார், இது உங்க சாமி இல்லையே?"

அவர் சொன்னார்: "உஸ்தாத், என் சிப்பாயோட சாமி யாரோ, அவர்தான் என் சாமி. நாளைக்கு நான் 'முன்னே போ'ன்னு சொன்னா அவன் போகணும். அவன் கும்பிடற எடத்துல நிக்காத ஆளு சொன்னா எவன் போவான்?"

உஸ்தாத் என்றுதான் என்னைக் கூப்பிடுவார். கேம்ப்பில் பயிற்சி கொடுக்கிறவர்களுக்கு அடுத்து அந்தப் பட்டம் எனக்கு மட்டும்தான்.

வடக்கே பனிமலையில் சண்டை முடிந்து அடுத்த மழைக்காலம். சண்டையில் போனவர்களின் இடத்தை நிரப்பவும், புதிதாகக் கம்பெனி சேர்க்கவும் லாரி லாரியாக ஆள் வந்து இறங்கினார்கள். வந்தவுடன் முதல் சடங்கு என்னுடையது. தகரக் கொட்டகையில் முக்காலிகள் போட்டு நானும் என் ஆட்களும் நிற்போம். பாகவதர் மாதிரி முடியோடு ஒரு பக்கம் உள்ளே வந்தாலும் மறுபக்கம் வெளியே போகும்போது எல்லாத் தலையும் ஒரே தலை.

அன்றைக்கு என் முக்காலிக்கு வந்தவன் உட்காரவில்லை. தாராபுரம் பக்கத்துப் பையன், பதினெட்டைத் தாண்டியிருப்பான், தோள் நல்ல அகலம். முடி காதை மூடித் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"உக்காருப்பா."

"மாட்டனுங்க."

"பயப்படாதே. என் கத்தி கடிக்காது."

"பயமில்லீங்க. இது நேந்துக்கிட்ட முடிங்க. எங்க ஊரு அம்மனுக்கு எறக்கோணும். இங்க வெச்சு எடுக்கப்படாதுங்க."

வரிசை நின்றுவிட்டது. பயிற்சி கொடுக்கிற ஹவில்தார் வந்தார். மலையாளி, வாய் கொஞ்சம் காரம், மனசு வெல்லம். "எந்தாடா இது? கல்யாண மாப்பிள்ளையா நீ? இரிக்கெடா, உக்காரு!"

பையன் அட்டென்ஷனில் நின்றபடியே, கண்ணில் தண்ணீர் நிற்க, சொன்னான். அவனுடைய அண்ணனும் பட்டாளம். வேலை கிடைத்தால் முடி இறக்குவதாக அவர்கள் அம்மா அண்ணனுக்காக நேர்ந்திருந்தாள். அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனவன் அந்தப் பனிமலைச் சண்டையிலிருந்து பெட்டியில்தான் திரும்பினான். கடனை வைத்துவிட்டுப் போனதால்தான் அம்மன் கைவிட்டாள் என்பது அவள் கணக்கு. இரண்டாவது மகனும் பட்டாளத்துக்குத்தான் போவேன் என்று நின்றபோது, 'அவனோட நேத்திக்கடனையும் சேத்து நீ எறக்கு, அப்பறம் போ' என்றாள். ஆடி நோன்பிக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் ஆர்டர் வந்துவிட்டது.

"இங்க எடுத்துட்டா எங்கம்மா வந்து கூட்டீட்டுப் போயிருமுங்க. எனக்கும்..." அவன் நிறுத்தி, மெதுவாகச் சொன்னான். "எனக்கும் தெகிரியம் போயிருமுங்க."

ஹவில்தார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சேட்டா, நீங்க பேசி உக்கார வையுங்க. முடி எடுக்க மாட்டேன்னா நாளைக்கு வண்டி ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க. நல்ல பையன். இவனை மாதிரி ஓடறவன் இந்த பேட்ச்சில இல்லா."

நான் பேசினால் கல்லும் உட்காரும். ஆனால் அவனை உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. உட்கார வைத்திருந்தால் பட்டாளத்துக்கு ஒரு தலை கிடைத்திருக்கும், அதற்குள் ஆள் இருந்திருக்க மாட்டான். கத்தியைத் துடைத்து மடக்கிப் பெட்டியில் வைத்துவிட்டு நேராகக் கமாண்டர் ஆபீசுக்கு நடந்தேன். வாசலில் நின்ற கிளார்க், "உனக்கு இங்கே என்ன வேலை?" என்றான். "தலை போகிற வேலை" என்றேன். விட்டுவிட்டான்.

உள்ளே பூசாரியும் இருந்தார். வடக்கத்திக்காரர், நிறையப் படித்தவர். நான் விஷயத்தைச் சொன்னதும், "முடியை எங்கே வெட்டினால் என்ன? சாஸ்திரத்தில் அப்படி ஒன்றும் இல்லை" என்றார்.

"சாஸ்திரத்தை விடுங்க சாமி. பழனியில போய்ப் பாருங்க. நாகூர்ல பாருங்க, வேளாங்கண்ணியில பாருங்க. எங்க ஊர்ல மூணு மதத்துக்காரனும் மொட்டை போடறான். எல்லாத்துக்கும் எங்க ஆளுதான் கத்தி புடிக்கிறான்" என்றேன். பிறகு கமாண்டர் பக்கம் திரும்பினேன். "சார், முடி சாமியோடதுன்னு உங்களுக்குச் சொல்லித் தரணுமா நான்?"

கமாண்டரின் கை தானாகத் தலைப்பாகைக்குப் போயிற்று. "ஊருக்கு லீவு கொடுக்க முடியாது, உஸ்தாத். ஒருத்தனுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பான். வேற வழி சொல்லு."

அம்மாவின் பிஸ்கட் டப்பா எனக்கு ஞாபகம் வந்தது அந்த நொடியில்தான். "அவன் சாமிகிட்டப் போக வேண்டாம் சார். சாமியை இங்க வரவழைக்கிறேன்."

"எப்படி?"

"பஸ்ஸில."

வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்தார். அதற்குள் முடியாவிட்டால் பையனுக்கு வீட்டுக்கு வண்டி. அன்று மாலையே குன்னூர் பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவர்கள் ஊர் மளிகைக் கடைக்குப் போன் போட்டேன். அந்த அம்மாவைக் கூட்டிவரச் சொல்லிக் காத்திருந்து பேசினேன்.

"அம்மா, உங்க சாமி காலடியில ஒரு புடி மண்ணு எடுத்துட்டு வாங்க. இங்க கோயில்ல வெச்சு, அது முன்னால முடி எறக்கலாம்."

"ஏனுங்க, நீங்க ஆருங்க?"

"நான்தாம்மா முடி எடுக்கிறவன்."

"அப்பச் செரிங்க" என்றாள். கமாண்டர் பேசியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். நான் குளித்து, புதுக் கத்தியைச் சாணை பிடித்து, கிண்ணம், மஞ்சள், சந்தனம் எல்லாம் எடுத்துக்கொண்டு கேம்ப் கோயிலில் தயாராக இருந்தேன். பூசாரி முகம் கடுப்பாக இருந்தாலும் விளக்கைத் துடைத்து வைத்திருந்தார். அப்போது கேட் பக்கமிருந்து ஒரு ஓலம். இழவு வீட்டில்தான் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

ஓடினேன். அந்த அம்மா கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். காவலுக்கு நின்றவன் இமயமலைப் பக்கத்துச் சிப்பாய், தமிழ் தெரியாது. சண்டை முடிந்து வருடம் ஒன்றுதான் ஆகியிருந்தது. துணியில் முடிந்த பொடி எதைப் பார்த்தாலும் கொட்டிப் பார் என்று உத்தரவு. அவனும் மஞ்சள் துணியை அவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டான். ஒரு பிடி மண் கேட்டடிச் சேற்றில் விழுந்து, தூறலில் சேறோடு சேறாகிவிட்டது.

"போச்சுங்க! வாசல்லயே கொட்டிப் போட்டானுங்க! அவ வேண்டாம்னுட்டா. என்ற புள்ளையக் குடுங்க, நான் கூட்டீட்டுப் போறேன்!"

ஹவில்தார் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பையன் சேற்றைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். திரும்பி, டிரங்குப் பெட்டியை எடுக்கச் சிப்பாய்கள் தங்கும் பாரக் பக்கம் நடந்தான். அவ்வளவுதான், கை நழுவிற்று என்று ஹவில்தார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

நான் அந்த அம்மாவுக்கு எதிரே குந்தினேன். "அம்மா, அழுகையை நிறுத்திட்டு ஒண்ணு சொல்லுங்க. உங்க ஊர்ல அவ எங்க நிக்கிறா? ஊருக்குள்ளயா?"

"ஊருக்குள்ள எங்கீங்க. ஊரு வாசல்லங்க. வேப்பமரத்தடியில. காவக்காரிங்க அவ."

"ஊருக்குள்ள கோயில் கட்டி வெச்சா வருவாளா?"

"எங்க மாமனாரு கட்டிப் பாத்தாருங்க. வரலீங்க. சுவரு ரண்டு தடவை வுழுந்துபோச்சு. வாசலத் தாண்டி உள்ள..." அவள் நிறுத்தினாள். சேற்றைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள். துப்பாக்கியோடு நின்ற சிப்பாயைப் பார்த்தாள். பிறகு எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "உள்ள கூப்புட்டது நம்ம தப்புங்க. அவ எடத்த அவளே புடிச்சுட்டா. கூப்புடுங்க என்ற பையன!"

ஹவில்தார் போட்ட விசிலில் பாரக்கே திரும்பிப் பார்த்தது.

இதற்குள் காவல் சிப்பாய்க்கு நான் இந்தியில் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. அவர்கள் மலையிலும் இப்படி மண்ணெடுத்து வைக்கிற தேவி உண்டாம். தப்பு செய்துவிட்டோம் என்ற பயத்தில் அவன் என்ன செய்தான் தெரியுமா? அந்தச் சேற்றுக்கு முன்னால் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து நின்றுகொண்டு, ஒரு வண்டியையும் விடமாட்டேன் என்றான். தண்ணி லாரி நின்றது. ரேஷன் லாரி நின்றது. கடைசியில் கமாண்டரின் ஜீப்பே வந்தது. அதையும் நிறுத்திவிட்டான்!

டிரைவர் கத்தினான். கமாண்டர் இறங்கி வந்தார். சிப்பாய் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, "தேவி இறங்கியிருக்கிறாள், சார். வண்டி ஏறக்கூடாது" என்றான்.

கமாண்டர் சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பஸ்ஸில வந்தாச்சா, உஸ்தாத்?"

"வந்தாச்சு சார். உள்ளே வர மாட்டாளாம். டியூட்டி கேட்டுலதான் வேணுமாம்."

அந்த மனிதர் சிரிக்கவில்லை. ஜீப்பின் மட்கார்டில் கையூன்றி, முதலில் ஒரு பூட்ஸ், அப்புறம் இன்னொரு பூட்ஸ் என்று கழற்றினார். வெறுங்காலோடு அந்த ஈரத்தில் வந்து நின்றார். அவர் கழற்றியதும் ஹவில்தார் கழற்றினார், லாரி டிரைவர்கள் கழற்றினார்கள். கேட்டடியில் சந்தை போட்ட மாதிரி பூட்ஸ். பூசாரி கோயிலிலிருந்து விளக்கோடு ஓடி வந்தார். தூறலில் அணையாமல் கையால் மறைத்து மறைத்துக் கொண்டுவந்து அந்தச் சேற்றின் முன்னால் வைத்து, சாஸ்திரத்தில் இல்லாத சாமிக்கு அவருக்குத் தெரிந்த மந்திரத்தை எல்லாம் சொன்னார்.

நடுரோட்டில் முக்காலி போட்டேன். பையன் உட்கார்ந்தான். ஜீப் டிரைவர் குடை பிடித்தான். குன்னூரிலிருந்து வந்த பஸ் தானாக நின்றது. ஜன்னல் வழியாகக் கும்பிட்டார்கள், ஒரு பெண் தலையிலிருந்த பூவையே எடுத்து வீசினாள். நெற்றியில் தண்ணீர் தொட்டு, உச்சியில் முதல் வழிப்பு. என் வாழ்நாளில் எத்தனையோ தலை எடுத்திருக்கிறேன். அன்றைக்குப் போல என் கை ஒரு நாளும் ஓடியதில்லை. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை, ஒரு முடி மிஞ்சவில்லை. சந்தனம் பூசி நிமிர்த்தியபோது அந்தத் தலை பித்தளைச் செம்பு மாதிரி மின்னிற்று. பையன் எழுந்து நின்ற நிற்பைப் பார்த்து ஹவில்தார், "இப்ப சிப்பாயி!" என்றார்.

அந்த அம்மா முடியைத் துணியில் முடிந்துகொண்டாள். அப்புறம் கமாண்டரின் தலைப்பாகையையே உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "ஏனுங்க, அந்தச் சாமி தலையிலயும் நெறையா முடி இருக்குமாட்ட இருக்குதுங்களே. அது ஆருக்கு நேந்ததுங்க?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். கமாண்டர் இப்போது சிரித்தார். "எங்க குருவுக்குத்தாம்மா. ஆனா அவர் வாங்கிக்கிறதில்ல. சாகிற வரைக்கும் நீயே வெச்சுக் காப்பாத்துன்னு சொல்லிட்டார்."

"அப்ப அவரு உங்கள ரொம்ப நம்பறாருங்க" என்றாள் அந்த அம்மா.

அன்றிலிருந்து அந்தக் கமாண்டர் ஒரு வழக்கம் வைத்தார். புது பேட்ச் வந்தால் முதலில் ஒரே கேள்வி: நேர்ந்த முடி யாருக்காவது உண்டா? உண்டென்றால் அவனவன் சாமிக்குரிய ஆளைப் பக்கத்தில் நிறுத்தி, முறையாக இறக்கு. அடுத்த பேட்ச்சிலேயே நாகூருக்கு நேர்ந்தவன் ஒருவன், வேளாங்கண்ணிக்கு நேர்ந்தவன் ஒருவன், பழனிக்கு ஒருவன். மௌல்வி நின்றார், பாதிரியார் நின்றார், பூசாரி நின்றார்; கத்தி மட்டும் ஒன்றுதான், என்னுடையது. முடித்துவிட்டு மூன்று மொட்டையையும் வரிசையில் நிறுத்தி ஹவில்தாரிடம் சொன்னேன். "எது எந்தச் சாமி மொட்டைன்னு சொல்லுங்க, இன்னைக்கு டீ என் செலவு." சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். டீ அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

சத்தியப் பிரமாணம் எடுக்கிற பரேட்டில், அவனவன் வேதப் புத்தகத்தில் கை வைத்து, தரையானாலும் கடலானாலும் வானமானாலும் போகச் சொன்ன இடத்துக்குப் போவேன் என்று சொல்வார்கள். அந்தத் தாராபுரத்துப் பையன் கை வைத்தபோது அவன் அம்மா பந்தலில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவள் அழவில்லை. வேர்க்கடலை மடித்துக் கொண்டு வந்திருந்தாள், எனக்கும் கொடுத்தாள்.

அவன் பனிமலைக்கும் போனான், பாலைவனத்துக்கும் போனான். ஒவ்வொரு லீவிலும் கேட்டில் இறங்கி, அந்த இடத்தில் நான் நட்ட சின்னக் கல்லுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறுவான். காவல் மாறிக்கொண்டே இருக்கிறது, கல்லுக்குப் பூ வைப்பது மாறவில்லை. இப்போதுள்ள சிப்பாய்களிடம் யார் வைத்த சாமி இது என்று கேட்டுப் பாருங்கள். "ஒரு பார்பர் தாத்தா" என்பார்கள். தாத்தா என்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

போன மாதம் குன்னூர் சலூனில் உட்கார்ந்திருந்தேன். நான் இப்போது கத்தி பிடிப்பதில்லை, மேற்பார்வைதான். கதவைத் திறந்துகொண்டு ஒருவன் வந்தான். சாதாரணச் சட்டை, நரைத்த மீசை, அதே அகலத் தோள். சுபேதாராகி ரிட்டயர் ஆகிவிட்டானாம். உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக. வெளியே காரில் அவன் அம்மா கை ஆட்டினாள்.

"ஏனுங்க உஸ்தாத், இனி ஒரு ஹவில்தாரும் கேக்க மாட்டான். எனக்குப் புடிச்ச மாதிரி முடி வெட்டி வுடுங்க" என்று சுழல் நாற்காலியில் சாய்ந்து தொப்பியைக் கழற்றினான்.

உச்சியில் ஒரு முடி இல்லை. அன்றைக்கு நான் சந்தனம் பூசி நிமிர்த்திய அதே பித்தளைச் செம்பு.

சலூன் முழுக்கச் சிரித்தது. அவன் கண்ணாடியைப் பார்த்து, "அம்மன் வட்டியும் சேத்தி எடுத்துக்கிட்டாளுங்க" என்றான்.

வேலையாளை நகரச் சொல்லிவிட்டு நானே துணியைப் போர்த்தினேன். காதோரம் இருந்த நாலு முடிக்கு நாற்பது தலைக்குப் போடுகிற கத்தரி போட்டேன்.